தோள் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்: வாசகிகள் கேள்விக்குத் தையல்கார அக்கா பதில்

உடல்வாகுக்கு ஏற்ற உடை பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் அறிவிப்பு போட்டார்கள். வந்த கடிதங்களைப் பிரித்தால் பழக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. "நான் பேரிக்காய் அக்கா", "நான் ஆப்பிள் அக்கா" என்று உடம்பின் வடிவத்துக்கு ஆளாளுக்கு ஒரு பழம். மேற்கு மாம்பலத்தில் என் தையல் கடைக்கு வருகிறவர்களும் இப்போதெல்லாம் இப்படித்தான் ஃபோனை நீட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவே இல்லை. தோள், மார்பு, இடுப்பு, சீட் (இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தின் சுற்று), உயரம் என்று ஐந்து அளவை எழுதி அனுப்பினால் பதில் சொல்லத் தெரியும். அப்படி எழுதியவர்களுக்குத்தான் இங்கே நீளமான பதில். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

மார்பு 36, இடுப்பு 31, சீட் 44. குர்தி எம் சைஸ் எடுத்தால் தோள் கச்சிதம், கீழே இழுக்கிறது. எக்ஸ்.எல். எடுத்தால் கீழே சரி, தோள் தொங்குகிறது. எதை வாங்குவது?
வாசகி, மடிப்பாக்கம்

எம். யோசிக்கவே வேண்டாம்.

தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையைப் பிரித்து, அக்குள் வளைவைத் திரும்ப வெட்டி, கையை மறுபடி ஏற்றவேண்டும். புதுசாக ஒன்று தைப்பதில் பாதி வேலை அது. எந்தத் தையல்காரரும் சந்தோஷமாகச் செய்யமாட்டார். சீட்டில் இழுப்பதைச் சரிசெய்வது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஸ்லிட் எங்கே தொடங்குகிறது என்று கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். உங்கள் சீட்டின் அகலமான இடத்துக்குக் கீழே தொடங்கினால் துணி அங்கே மாட்டிக்கொண்டு வயிற்றில் சுருக்கம் விழும், பின்னால் தூக்கிக்கொள்ளும். அந்த அகலமான இடத்துக்கு மூன்று விரல் மேலே ஸ்லிட் தொடங்கட்டும். பக்கத் தையலை அதுவரைக்கும் பிரித்து, ஓரம் மடித்து அடித்துவிட்டால் போதும். முனையில் உள்பக்கமாக ஒரு சின்னத் துணித்துண்டு வைத்து அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்கூட்டரில் ஏறுகிற முதல் நாளே கிழியும்.

கடையிலேயே இன்னொன்றும் செய்யுங்கள். குர்தியை உள்பக்கம் திருப்பி, தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓரத்தில் அரை இஞ்ச் தளர்த்த இடமிருந்தால் இரண்டு பக்கமும், முன்னும் பின்னுமாக மொத்தம் இரண்டு இஞ்ச் கிடைக்கும். விலை குறைந்த குர்திகளில் பெரும்பாலும் ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருப்பார்கள். அதில் கை வைக்க முடியாது.

நீளம் முட்டிக்குக் கீழே இருக்கட்டும். தொடையின் பருமனான இடத்தில் குர்தி முடிந்தால் பார்க்கிறவர் கண் அங்கேயே போய் நிற்கும். பட்டியாலா வேண்டாம். குர்தியின் நிறத்தை ஒட்டிய நிறத்தில் நேரான பேண்ட் போடுங்கள். கழுத்திலும் தோளிலும் வேலைப்பாடு இருக்கட்டும், கீழ் ஓரத்தில் பட்டையாக வேண்டாம். ரெடிமேட் சரிப்படாவிட்டால் பாரிமுனை கோடவுன் தெருவில் துணி எடுங்கள், முக்கால் கை குர்திக்கு இரண்டரை மீட்டர் போதும். ஏ-லைனாகத் தைத்துக்கொள்ளலாம்.

சேலை பற்றியும் பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள், "எனக்கு மட்டும் ஏன் கொசுவம் நிறைய வரமாட்டேன் என்கிறது" என்று. சேலை ஐந்தரை மீட்டர்தான், யாருக்கும் கூட்டித் தரமாட்டார்கள். அது உங்களை ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றுகிறது. சீட் 34 இருப்பவரைவிட உங்களுக்குச் சுற்றுக்குப் பத்து இஞ்ச் கூட, இரண்டு சுற்றுக்கு இருபது. ஐந்து இஞ்ச் அகலத்தில் ஒரு மடிப்பு எடுக்கப் பத்து இஞ்ச் துணி வேண்டும். அவருக்கு ஏழு மடிப்பு வரும் சேலையில் உங்களுக்கு ஐந்துதான் வரும். ஐந்தே அழகுதான். மடிப்பை ஒடுக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் வயிற்றுக்கு முன்னால் மொத்தையாக நிற்கும். பாவாடை ஆறு பீஸ் போதும். முட்டிவரை ஒட்டிக்கொண்டு கீழே விரிகிற ஃபிஷ் கட் பாவாடை ஃபோட்டோவுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நம்ம ஊர் பஸ் படியில் அதோடு ஏறிக் காட்டுங்கள் பார்க்கலாம்!

பள்ளி ஆசிரியை நான். மார்பு 44. பிளவுஸில் கொக்கிக்கு நடுவே பிளந்துகொண்டு நிற்கிறது. கையைத் தூக்கினால் பிளவுஸே மேலே ஏறுகிறது. தையல்காரரிடம் சொன்னால் "கொஞ்சம் உடம்பைக் குறைங்க மேடம்" என்கிறார்.
வாசகி, பெரம்பூர்

அவர் வெட்டுகிற முறையை மாற்றட்டும், நீங்கள் உடம்பை மாற்ற வேண்டாம்.

இது என் தொழிலில் அடிக்கடி பார்க்கிற சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலர் மார்புச் சுற்றை நாலாக வகுத்து முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு போடுகிறார்கள். 44ஐ நாலால் வகுத்தால் 11. உங்கள் முதுகு அவ்வளவு அகலம் இல்லை. முதுகில் துணி மிஞ்சும், முன்னால் பற்றாது, கொக்கி பிளக்கும். முன்பக்கத்துக்கு அரை முதல் ஒரு இஞ்ச் வரை கூட்டி, பின்பக்கத்தில் அதே அளவு குறைக்க வேண்டும்.

இரண்டாவது, டேப்பை எங்கே வைத்தார் என்று கேளுங்கள். மார்பின் நடுவில் ஒரு சுற்று எடுப்பார்கள். அதற்கு மேலே, அக்குளை ஒட்டி இன்னொரு சுற்று எடுக்க வேண்டும். உங்களுக்கு அது 39, 40 என்று வரலாம். தோளையும் அக்குளையும் அந்த மேல் அளவுக்கு வெட்டி, மார்புக்கு வேண்டிய இடத்தை டாட்டிலோ (துணியைக் கூராகப் பிடித்து அடிக்கிற மடிப்பு) பிரின்சஸ் கட்டிலோ கொடுத்தால் பிளவுஸ் உட்காரும். எல்லாவற்றையும் 44க்கு வெட்டினால் தோள் அகன்றுவிடும், அக்குள் குழி கீழே இறங்கிவிடும். கையைத் தூக்கும்போது பிளவுஸ் கூடவே ஏறுவது இந்த அக்குளால்தான். குழி எவ்வளவு மேலே, உடம்பை ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு சுலபமாகக் கை தூக்கலாம். கையை அசைக்க வசதியாக இருக்கும் என்று அக்குளைத் தளர்த்தித் தரச் சொல்கிறவர்கள் ரொம்பப் பேர். அவர்களுக்குத்தான் பிளவுஸ் தூக்கிக்கொண்டே இருக்கும்.

டாட்டின் முனை மார்பின் உச்சிக்கு ஒரு இஞ்ச் முன்னாலேயே முடிய வேண்டும். உச்சி வரைக்கும் கொண்டுபோனால் கூர்மையாக நிற்கும். உங்கள் அளவுக்கு பிரின்சஸ் கட் நல்லது, தையல் தோளிலிருந்தோ அக்குளிலிருந்தோ உச்சியை ஒட்டி இறங்கும். கொக்கி விஷயத்தில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. வழக்கமாக மேலிருந்து கீழே சமமாகப் பிரித்து வைப்பார்கள். முதலில் மார்பின் உச்சிக்கு நேராக ஒரு கொக்கியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து மேலும் கீழும் பிரிக்கச் சொல்லுங்கள். பிளப்பது அந்த இடத்தில்தானே.

பழைய பிளவுஸை அளவுக்குக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கிற தப்பு புதுசிலும் அப்படியே வரும். எந்த உள்ளாடையோடு பிளவுஸ் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள், நைந்துபோனதைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். கை நீளத்தை மார்பின் உச்சி மட்டத்தில் முடிக்காமல் முழங்கைக்கு ஒரு இஞ்ச் மேலே வரை விடுங்கள். கை முடிகிற கோடும் மார்பும் ஒரே மட்டத்தில் வந்தால் மொத்த அகலமும் அங்கே கூடிவிடும். கழுத்து, நெஞ்சை முழுக்க மூடுகிற போட் நெக் வேண்டாம், ஆறரை இஞ்ச் இறக்கத்தில் வட்டமோ பானைக் கழுத்தோ நன்றாக இருக்கும். பள்ளிக்குத் தினமும் போட டூ பை டூ காட்டன், உள்ளே லைனிங் கொடுத்துத் தைத்தால் இழுப்பு தெரியாது.

ட்ரயல் பார்க்காமல் வாங்காதீர்கள். என் கடையில் டீச்சர்கள் வந்தால் சுவரில் எழுதிக் காட்டச் சொல்வேன். எழுதும்போது இடுப்பு தெரியாமல் இருந்தால் பிளவுஸ் பாஸ்.

குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்கிறார்களே, நிஜமா?
வாசகி, அண்ணா நகர்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1867இலேயே இதற்கு நேர்மாறாகச் சொல்லிவிட்டார். ஒரே அளவில் இரண்டு சதுரம் போட்டு, ஒன்றில் படுக்கைக் கோடும் மற்றதில் நிமிர்ந்த கோடும் நிரப்பினால், படுக்கைக் கோடு போட்டதுதான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியுமாம். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்ஸன் பெண் உருவப் படங்களில் இதைச் சோதித்துப் பார்த்து, படுக்கைக் கோடு யாரையும் குண்டாகக் காட்டவில்லை என்று 2011இல் எழுதினார்.

என் அனுபவத்தில் கோட்டின் திசையைவிடத் துணியின் இறுக்கம்தான் முக்கியம். துணி இறுகினால் நேர்க்கோடு வளைந்துவிடும், அந்த வளைவு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். சேலையில் இன்னொரு வேடிக்கை உண்டு. நீளவாக்கில் ஓடுகிற கோடு இடுப்பைச் சுற்றும்போது படுக்கைக் கோடாகும், முதுகில் முந்தானை தொங்கும்போது அதே கோடு நிமிர்ந்துவிடும். எந்தக் கோடு நல்லது என்று கவுண்டரில் சண்டை போடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தேதான் வாங்கிப் போகிறார்கள்.

எனக்கு 61 வயது. உயரம் நாலடி பத்து, கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். தை மாதம் மகன் கல்யாணம். பெரிய கரை வைத்த காஞ்சிப் பட்டுதான் சம்பந்தியம்மாவுக்கு எடுப்பாக இருக்கும் என்கிறாள் என் பெண். எனக்குப் பயமாக இருக்கிறது.
வாசகி, வில்லிவாக்கம்

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது அம்மா. சேலையின் அகலம் சுமார் 46 இஞ்ச். உங்கள் இடுப்பிலிருந்து தரைவரை 37 இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஒன்பது இஞ்ச் துணி முழுக்கப் பாவாடைக்குள்தான் போகிறது. கனமான பட்டில், கொசுவத்தின் அத்தனை மடிப்பிலும் அந்த ஒன்பது இஞ்ச், அதுவும் வயிற்றுக்கு நேர் முன்னால். கல்யாண ஃபோட்டோவில் வயிறு பெரிதாகத் தெரிகிறதே என்று வருத்தப்படுகிறவர்களில் பலருக்கு அது வயிறே இல்லை, பட்டு.

பத்து இஞ்ச் கரை என்றால் வெளியே தெரிகிற 37இல் கால்வாசிக்கு மேல் கரையே எடுத்துக்கொள்ளும். சேலை உடலின் நிறம் தெரிய இடமே இருக்காது. இரண்டிலிருந்து நாலு இஞ்சுக்குள் கரை பாருங்கள். எடுப்பு வேண்டும் என்று பெண் பிடிவாதம் பிடித்தால் முந்தானையில் ஜரிகை நிறைய இருக்கட்டும், ஆசைக்கு ஆசையும் ஆச்சு. இரண்டு ஓரத்திலும் கரை வைத்த ரெட்டைப்பேட்டு வேண்டாம். மேல் கரையும் அகலமாக இருந்தால் தோளில் மடிப்பு வைக்கும்போது திரண்டு நிற்கும். எடை குறைந்த பட்டாக எடுங்கள், ஆரணிப் பட்டும் பாருங்கள். எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸின் தில்லையாடி வள்ளியம்மை மாளிகையில் நிதானமாக எடுக்கலாம். தி.நகரில் முகூர்த்த சீசன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

கடையில் தோள்மேல் முந்தானையைப் போட்டுக் காட்டுவார்கள். அதில் முகத்துக்கு நிறம் பொருந்துகிறதா என்று மட்டும்தான் தெரியும். நீங்கள் சேலையின் நடுவிலிருந்து துணியை எடுத்து, கையில் கொசுவம் பிடித்துப் பாருங்கள். ஏழு மடிப்பையும் சேர்த்து விரலுக்குள் அடக்க முடிகிறதா? அடங்காமல் விரிந்துகொண்டே போனால் இடுப்பிலும் அப்படித்தான் நிற்கும். கட்டும்போது கொசுவத்தை உள்ளே ஒரே குத்தாகத் திணிக்காமல், உள்ளே போகும் பகுதியைப் பக்கவாட்டில் விரித்துவிட்டுச் செருகுங்கள். முந்தானை முட்டியின் பின்பக்கம் வரை போதும். பிளவுஸை மாறுபட்ட நிறத்தில் எடுக்காமல் சேலை உடலின் நிறத்திலேயே தைத்தால் தோளிலிருந்து பாதம்வரை ஒரே ஓட்டமாகத் தெரியும், உயரம் கூடின மாதிரி இருக்கும். அன்றைக்குப் போடப்போகிற செருப்போடு நின்றுதான் ஃபால்ஸ் தரையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ரொம்ப ஒல்லி நான். கல்லூரியில் சேலை தினத்துக்கு என்ன கட்டலாம்? "கொடியில காயப்போட்ட மாதிரி இருக்கு" என்று போன வருஷம் கிண்டல்.
வாசகி, தாம்பரம்

போன வருஷம் ஜார்ஜெட் கட்டியிருப்பாய், சரியா? இந்த வருஷம் மதுரைச் சுங்குடியோ செட்டிநாட்டுக் கண்டாங்கியோ எடுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கட்டு தங்கச்சி. விறைப்பான காட்டன் உடம்பை ஒட்டாமல் தள்ளி நிற்கும். பெரிய கட்டம், அகலக் கரை எல்லாம் உனக்குத்தான். வில்லிவாக்கம் அம்மாவுக்கு வேண்டாம் என்றதெல்லாம் நீ கட்டலாம். பிளவுஸுக்கு முழங்கை வரை கை, இல்லாவிட்டால் பஃப் கை. பின் கழுத்தை ஆழமாக இறக்காதே, தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு தெரியும், பிளவுஸும் தோளிலிருந்து நழுவும். கிண்டல் பண்ணினவர்களுக்கு எந்தச் சேலையும் பொருந்தாது, விடு.

என் நிறம் கறுப்பு. எந்தெந்தக் கலரைத் தவிர்க்கணும்?
வாசகி, திருவொற்றியூர்

எதையும் இல்லை. மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் எம்.எஸ். ப்ளூ, எல்லாம் எடுங்கள். "உங்க கலருக்கு இது டல்லடிக்கும்" என்று விற்பனைப் பையன் வாய் திறந்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள்.

குழந்தை பிறந்து ஐந்து மாதம், சிசேரியன். வயிறு உள்ளே போகவில்லை. ஆபீஸ் திரும்ப வேண்டும். பழைய சுடிதார் எதுவும் பற்றவில்லை. இறுக்கமாகப் பாவாடை கட்டினால் வயிறு அடங்கும் என்று மாமியார் சொல்கிறார்.
வாசகி, பெருங்குடி

மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், பாவாடை நாடா வயிற்றைக் குறைக்காது. நாடாவை வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்து, தடித்து, சிலருக்குப் புண்ணும் ஆகும். இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் வந்து ஆறாத புண் தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு வயதான பெண்களைப் பற்றி மகாராஷ்டிரத்து மருத்துவர்களும் பீகார் மருத்துவர்களும் 2024இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். அபூர்வம்தான், ஆனால் இடுப்பில் நாடாத் தடம் கறுத்துப்போன பெண்கள் என் கடைக்கு வருகிறவர்களில் ரொம்பப் பேர். உங்களுக்குத் தையல் போட்ட இடமும் அதற்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. பாவாடை கட்டுகிற நாளில் நாடாவை எடுத்துவிட்டு இரண்டு இஞ்ச் அகலப் பட்டையும் பக்கத்தில் கொக்கியும் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், ஷேப்வேர் எல்லாம் டாக்டரைக் கேட்டபிறகு.

ஆபீஸுக்கு இப்போதைக்கு மூன்று குர்தி போதும். நிறைய வாங்காதீர்கள், அளவு மாதாமாதம் மாறும். மார்புக்குக் கீழே தையல் வைத்து அங்கிருந்து விரிகிற மாதிரி எடுங்கள். வயிற்றுக்கு நேராகத் தையலோ பெல்ட்டோ வரக்கூடாது. ரேயான் துணி வளைந்து கொடுக்கும், ஆனால் வேர்த்தால் ஒட்டும். ஆபீஸ் ஏசியில் சரி, பஸ் ஸ்டாப் வெயிலில் நிற்க வேண்டுமென்றால் காட்டனே நல்லது. பால் கொடுக்கிறவரை, தையலோரத்தில் மறைவாக ஜிப் வைத்துக்கொள்ளுங்கள், எந்தத் தையல்காரரும் வைத்துத் தருவார். பழைய சுடிதாரைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்தில் பிரித்து, ஒரு பட்டைத் துணி சேர்த்துத் தைத்தால் ஆறு மாசம் ஓட்டலாம், பிறகு எடுத்துவிடலாம்.

பிறந்த நாளுக்கு மனைவிக்குத் தெரியாமல் சுடிதார் வாங்க வேண்டும். அளவு கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். என்ன செய்ய?
வாசகர், கொளத்தூர்

வாசகிகள் பகுதியில் நுழைந்துவிட்டீர்கள், பரவாயில்லை தம்பி. அவர் அடிக்கடி போடுகிற, தோளில் சரியாக நிற்கிற குர்தி ஒன்றைத் துவைத்து மடித்த குவியலிலிருந்து எடுங்கள். பீரோவுக்குள் பத்திரமாக மடித்து வைத்திருப்பது வேண்டாம், அது பற்றாமல் போனதாக இருக்கும். தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, அப்புறம் முழு நீளம். மூன்று எண்ணையும் ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்தில் தைத்திருக்கும் லேபிளை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் எல் இன்னொன்றின் எம்.

துப்பட்டா சேர்த்து எடுங்கள். மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள், தள்ளுபடியில் எடுத்ததைப் பல கடைகளில் மாற்றமாட்டார்கள். பில் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், சட்டையைத் துவைக்கப் போடும் முன் எடுத்துவிடுங்கள்.